ஜாமாவில் நிற்கும் ‘புஜி’

தோக்கியோவின் ஷிஞ்சுக்கு நிலையத்தில் ஒடாக்கியூ ரயிலேறித் தென்மேற்கே போனால் ஜாமா நகரம். அங்கிருந்த நிசான் தொழிற்சாலையில் 1995இல் கார் உற்பத்தி நின்றது. இப்போது நூற்றுக்கணக்கான பழைய கார்கள் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன. நுழைவு இலவசம், முன்பதிவு கட்டாயம்.

பந்தயக் கார்களைத் தாண்டி நான் தேடிப் போனது 1958ஆம் ஆண்டின் டட்சன் 210. செல்லப்பெயர் ‘புஜி’. வெறும் 988 சிசி, நம்மூர் மைவியைவிடச் சிறிய இன்ஜின். அதை நம்பி ஆஸ்திரேலியாவைச் சுற்றி 16,000 கிலோமீட்டர் ஓடி, தன் பிரிவில் முதலிடம் பிடித்திருக்கிறார்கள்!

இன்ஜினின் பூர்வீகமோ இங்கிலாந்து. 1953 முதல் நிசான் உரிமம் பெற்று ஆஸ்டின் கார்களைத் தயாரித்தது. 1,489 சிசி ஆஸ்டின் இன்ஜினில் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை 88.9 மில்லிமீட்டரிலிருந்து 59 ஆகக் குறைக்க யோசனை சொன்னவர் அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஸ்டோன். சிலிண்டரின் விட்டம் மாறவில்லை. அதனால் இருந்த இயந்திரங்களை வைத்தே புதிய இன்ஜினைச் செய்ய முடிந்தது. சிக்கனம் என்றால் இதுதான்.

2006இல் நிசான் ஊழியர்கள் பழைய கார்களைச் சீரமைக்கக் குழு அமைத்தபோது, முதலில் கைவைத்தது ‘புஜி’யில். மீண்டும் ஓட வைத்தார்கள். பாகங்களை மாற்றினால் அசல் போய்விடும் என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. ஓடித்தானே இந்தக் கார் பேர் வாங்கியது?

ஆனால், நான் போன அன்று பானெட் மூடியே இருந்தது. காதால் பிழைக்கும் எனக்கு, அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்காமல் திரும்பியதில்தான் குறை.