நேபாளம்: சில குறிப்புகள்

2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். உடனே ஓடிப்போய் உதவியது இந்தியா; அதை மறுக்க முடியாது. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று நேபாளம் புதிய அரசியல் சாசனத்தை அறிவித்தது. அதன் சில அம்சங்கள் தில்லிக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களில் ரக்சௌல்–பீர்கஞ்ச் எல்லையில் நேபாளத்துக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரிகள் நின்றுபோயின. நேபாளத் தெற்குச் சமவெளி மக்களான மதேசிகளின் மறியல்தான் காரணம் என்றது தில்லி. மதேசிகளின் குறைகள் உண்மையானவை. ஆனால் மறியல் இல்லாத சாவடிகளிலும் சரக்கு ஏன் முடங்கியது?

காத்மாண்டுவில் காஸ் சிலிண்டரைப் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் நீண்ட வரிசை. வீடு இடிந்து தகரக் கொட்டகைக்குள் கிடந்தவர்கள் விறகுக்கு அலைந்த குளிர்காலம் அது. 2016 பிப்ரவரியில்தான் வழி திறந்தது. அடுத்த மாதமே நேபாளப் பிரதமர் ஒலி பெய்ஜிங் போய்ச் சரக்குப் போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

*

கோசி ஆற்றுத் தடுப்பணை இருப்பது நேபாள மண்ணில். 1954 ஒப்பந்தப்படி மதகுகளை இயக்குவது பீகார் பொறியாளர்கள். 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் ஆற்றுக்கரை உடைந்தது. சுன்சரி மாவட்டத்து வயல்களை மணல் மூடியது. பீகாரில் லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். பெரிய நாட்டின் ஏழைக்கும் அந்த அதிகாரத்தால் ஒரு பயனும் இல்லை.

*

மின்சாரம். சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ உள்ள நேபாள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. வங்கதேசத்துக்கு வெறும் 40 மெகாவாட் விற்க வேண்டுமானாலும் இந்தியக் கம்பி வழியாகத்தான், இந்தியா சம்மதித்தால்தான். படை அனுப்ப வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

*

1950 ஜூலை 31இல் ஏற்பட்ட இந்திய–நேபாள அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தில் நேபாளத்துக்காகக் கையெழுத்திட்டவர் பிரதமர் மோகன் ஷம்ஷேர் ராணா. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் தூதர். அடுத்த ஆண்டே ராணா ஆட்சி கவிழ்ந்தது. ஒப்பந்தம் மட்டும் நிலைத்துவிட்டது. நேபாளிகளுக்கு இது எழுபது ஆண்டு தாண்டிய மனக்குறை.

அந்த ஒப்பந்தத்தைச் சீர்திருத்த வழி சொல்லவென்று இரு நாடுகளும் தலா நான்கு பேரை நியமித்தன. எட்டுப் பேரும் ஒருமனதாக 2018இல் அறிக்கையை முடித்தார்கள். அதை வாங்கிக்கொள்ள இந்தியப் பிரதமர் நேரம் ஒதுக்கவில்லை. ஏற்பது, மறுப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் நம் அரசு அதை வாங்கிப் படிக்க வேண்டும். நாமும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.