ஓடையின் இரு கரைகள்

பள்ளிப் பருவத்தில் என் தமையனார் படித்து முடித்த உலகப் படநூல்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அதில் ஐரோப்பாவின் நடுவே இரண்டு ஜெர்மனிகள் இருவேறு வண்ணங்களில் அச்சிடப்பட்டிருந்தன. 1990ஆம் ஆண்டு அவ்விரண்டும் ஒன்றாயின. புதிய படநூல் வாங்க வசதி இல்லை. ஆகவே நடுவிலிருந்த கோட்டை நான் அழிப்பானால் தேய்த்தேன். கோடு அழியவில்லை, தாள்தான் கிழிந்தது.

இன்று மதரஸாவில் மார்க்கப் பாடங்களோடு வரலாறும் கற்பித்து வருகிறேன். அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாள் வந்தால், பெர்லின் மாநகரை விட்டுவிட்டு ஒரு குக்கிராமத்தின் கதையையே மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அவ்வூரின் பெயர் மோட்லராய்ட். வாழும் மக்கள் ஏறக்குறைய ஐம்பது பேர். ஆயினும் ஒரு நாட்டின் துயரம் முழுவதையும் தாங்கி நின்ற ஊர் அது என்றால் மிகையாகாது.

ஊரும் ஓடையும்

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே, சாலே ஆற்றின் வடிநிலப் பகுதியில், வயல்களும் புல்வெளிகளும் காட்டுத் துண்டுகளும் மாறி மாறி வரும் மேட்டு நிலத்தில் மோட்லராய்ட் அமைந்துள்ளது. அப்பகுதியில் பல ஊர்களின் பெயர்கள் 'ராய்ட்' என்று முடியும். காட்டைத் திருத்தி உண்டாக்கிய நிலம் என்பது அதன் பொருள். மரங்களை வெட்டி, வேர்களைப் பெயர்த்து உழுத முன்னோரின் உழைப்பை அந்த ஒரு சொல் இன்றும் நினைவூட்டுகிறது.

ஊரின் நடுவே டான்பாக் என்ற ஓடை செல்கிறது. சிறுவர்கள் தாண்டிக் குதிக்கக்கூடிய அளவுக்குச் சிறியது. 1810ஆம் ஆண்டு இவ்வோடையை ஒட்டி எல்லைக் கற்கள் நடப்பட்டன. ஒரு கரை பவேரிய மன்னராட்சிக்கும், மறுகரை ராய்ஸ் என்ற சிற்றரசுக்கும் உரியதாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் முடியாட்சிகள் மறைந்தன. ராய்ஸ் பகுதி 1920இல் துரிங்கியா மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும் எல்லை ஓடையிலேயே நின்றது.

இந்த எல்லை யாரையும் பிரித்ததா? இல்லை. ஊரின் பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் துரிங்கியக் கரையில் இருந்தன. தேவாலயத்துக்கோ பவேரியாவிலுள்ள டோப்பன் என்ற ஊருக்குச் செல்வார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். அரசாங்கத்தின் ஏட்டில் இரண்டாக இருந்த ஊர், வாழ்க்கையில் ஒன்றாகவே இருந்தது.

ஓடை மதிலான கதை

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. தோற்ற ஜெர்மனியை வென்றவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். பவேரியா அமெரிக்கர் வசமும், துரிங்கியா சோவியத் வசமும் ஆயின. அந்தப் பங்கீட்டுக்குப் பழைய மாநில எல்லையே கோடாயிற்று. 1949இல் இரு ஜெர்மன் அரசுகள் உருவானபோது ஓடையின் ஒரு கரை மேற்கு ஜெர்மனியாகவும், மறுகரை கிழக்கு ஜெர்மனியாகவும் மாறியது. ஒரே ஊர், ஆனால் இரு நாடுகள்!

1952 மே மாதம் கிழக்கு ஜெர்மன் அரசு எல்லையை இறுக்கியது. எல்லையோரமாகப் பத்து மீட்டர் அகலத்துக்கு நிலம் உழுது வெறுமையாக்கப்பட்டது. அதில் காலடி பதிந்தால் காவலருக்குத் தெரிந்துவிடும். அதையடுத்து ஐந்நூறு மீட்டர் காப்புப் பகுதி. ஐந்து கிலோமீட்டர் வரை தடுக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டின்றி வெளியூர் உறவினர் எவரும் அங்கே வர இயலாது. நம்பத் தகாதவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்கள் எல்லையோர ஊர்களிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டன. 1952, 1961 ஆகிய இரு ஆண்டுகளில் இவ்வாறு வீடிழந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

மோட்லராய்டில் முதலில் பலகை வேலி எழுந்தது. பின்னர் முள்கம்பி வந்தது. 1966ஆம் ஆண்டு, 700 மீட்டர் நீளத்துக்கு, மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் கான்கிரீட் மதில் எழுப்பப்பட்டது. காவற்கோபுரமும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும் அமைந்தன. அமெரிக்கப் படையினர் இவ்வூருக்கு 'சின்ன பெர்லின்' என்று பெயரிட்டனர். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் புஷ் 1983 பிப்ரவரியில் நேரில் வந்து இம்மதிலைப் பார்த்துச் சென்றார்.

ஆனால் மதிலைவிடக் கொடியது ஒன்று இருந்தது. மேற்குக் கரையில் நின்று ஒருவர் கையசைக்கலாம். கிழக்குக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது; குரல் கொடுக்கவும் கூடாது. மேட்டிலிருந்து பார்த்தால் உறவினரின் வீட்டு முற்றம் தெரியும். அங்கே நடமாடும் மனிதர் தெரிவார். ஆனால், நலமா என்று கேட்டால் விடை வராது.

இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், "கையசைப்பதைக்கூடவா தடுத்தார்கள், ஹஜ்ரத்?" என்று வியப்போடு கேட்டான். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதை முதல் பாடமாகப் படித்த பிள்ளை அல்லவா! "ஆமாம்" என்று மட்டுமே சொன்னேன்.

மதில் விழுந்த பின்

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் மதில் திறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்று, மோட்லராய்டிலும் நடந்து செல்ல ஒரு வழி திறக்கப்பட்டது. சில எட்டுகளில் அடையக்கூடிய அண்டை வீட்டுக்குச் செல்ல அம்மக்கள் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1990 ஜூன் 17 அன்று மண்வாரி இயந்திரத்தால் மதிலை இடித்தனர். வருங்காலத் தலைமுறை காண வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய நூறு மீட்டர் நீளத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தனர். இன்று அது அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது.

நாடு ஒன்றாயிற்று. ஊர் ஒன்றாயிற்றா? வியப்பூட்டும் செய்தி இதுதான்: மோட்லராய்ட் இன்றும் இரு மாநிலங்களில்தான் இருக்கிறது. ஒரு கரை பவேரியாவின் டோப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது. மறுகரை துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியைச் சேர்ந்தது. இரு மேயர்கள், இரு அஞ்சல் குறியீடுகள், இரு தொலைபேசிக் குறியீடுகள். சந்திக்கும்போது பவேரியக் கரையார் இறைவன் பெயரால் 'குரூஸ் காட்' என்பர். துரிங்கியக் கரையார் 'கூட்டன் டாக்', அதாவது நல்ல நாள் என்பர். இப்போது ஒரு வாழ்த்துக்கு மறு வாழ்த்து தடையின்றிக் கிடைக்கிறது. எல்லை இருக்கிறது, பகை இல்லை.

ஆக, பிரித்தது எது? ஓடை அன்று, 1810இல் நட்ட கல்லும் அன்று. பதில் வாழ்த்துச் சொல்லாதே என்ற கட்டளையே அவ்வூரைப் பிளந்தது.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தச் சிறுவனின் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. எனக்குப் படநூல் தந்த அதே தமையனாரோடு, சொத்துப் பங்கீட்டின்போது ஏற்பட்ட மனத்தாங்கலால் இரண்டாண்டுகளாக நான் பேசவில்லை. எங்கள் கொல்லைப்புறத்தில் இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அதற்கப்பால் அவர் செடிகளுக்கு நீர் ஊற்றுவதைத் தினமும் பார்ப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மோட்லராய்ட் மக்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. எனக்கு யார் விதித்தார்?

மறுநாள் காலை சுவரருகே சென்று ஸலாம் சொன்னேன். அவர் நீர்ச்சொம்பைக் கீழே வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பதில் ஸலாம் சொல்லி, "உள்ளே வா தம்பி" என்றார்.

சுவர் இன்னும் இருக்கிறது. அவர் பங்கு அவருக்கு, என் பங்கு எனக்கு. அதில் குறை ஒன்றும் இல்லை.