நெற்றியில் கேமரா

கரூர்த் துண்டு கப்பல் ஏறுவது பழைய கதை. துண்டு மடிக்கும் கையும் ஏறத் தொடங்கிவிட்டது என்று 2025இல் ஒரு செய்தி படித்தேன். ரோபோ பார்த்துப் பழகுவதற்காக நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துண்டு மடிக்கிறார்களாம். ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் நண்பர் தயவில் அப்படியொரு கூடத்துக்குள் நுழைந்தேன்.

நீள மேசைகள், கூடை கூடையாகத் துண்டுகள். என்னிடம் பேசிய அக்கா முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். எடுத்து, உதறி, மடித்து, ஓரமாக வைக்கிறார். கை கேமராவை விட்டு விலகினால் அந்தப் பதிவு செல்லாது. பக்கத்து அறையில் சில இளைஞர்கள் அந்தக் காட்சிகளில் கைக்கும் துண்டுக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அக்காவிடமே திரும்பினேன்.

ரோபோவுக்குத் துணி பெரிய வம்பு. டம்ளருக்கு ஒரே வடிவம், கசங்கிய துண்டுக்கு எத்தனையோ. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து ரோபோ ஒன்று குவியலிலிருந்து துண்டெடுத்து மடித்ததே சாதனையாக இருந்தது. தூக்கிப் பிடித்து, சுழற்றிச் சுழற்றிப் பார்த்து மூலையைக் கண்டுபிடிக்கும். ஒரு துண்டுக்குச் சுமார் 25 நிமிடம்!

அக்கா மூலையைத் தேடவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தையல்மேல் வழுக்கிக்கொண்டு போய், தையல் தடிக்கிற இடத்தில் தாமாக நிற்கின்றன. கண் அதற்குள் அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது.

"பாத்துப் பாத்து மடிச்சா வேல ஓடுமுங்களா சார்?"

கேமராவில் விழுவது புறங்கைதான். ஒரு மனிதக் கையின் உள்பக்கத் தோலில் சுமார் 17,000 தொடு நரம்புகள் இருப்பதாக 1979இல் ஸ்வீடனின் யோஹான்சனும் வால்போவும் கணக்கிட்டார்கள். அவை அக்காவுக்குச் சொல்லும் எதுவும் இந்தப் படத்தில் ஏறாது. எம்.ஐ.டி.யில் எட்வர்ட் அடெல்சன் குழு இதற்கொரு குறுக்குவழி கண்டது. ஜெல்சைட் என்று பெயர். மெத்தென்ற ரப்பர், மேலே பூச்சு, உள்ளே விளக்கும் கேமராவும். பொருள் அழுத்தியதும் ரப்பரில் விழும் பள்ளத்தைக் கேமரா படிக்கும். தொடுவதையும் பார்வையாகவே மாற்றிவிட்டார்கள்.

செக்கிங் மேசையில் வருடக்கணக்காக விரலில் ஊறிய வித்தைக்கு இங்கே கூலி ஒரே ஒரு முறை. படம் எத்தனை ரோபோவுக்குப் போனாலும் அக்காவுக்கு அதில் பங்கில்லை. நூலுக்கும் நெசவுக்கும் நடுவே உட்கார்ந்து தின்ற தரகர்கள் மீட்டர் கணக்காவது காட்டினார்கள். படம் எடுத்து விற்கும் இவர்கள் அதுவும் காட்டுவதில்லை என்று ஆரம்பித்தேன். "பிரசங்கத்த வெளிய போயி வெச்சுக்கலாம்" என்று நண்பர் கையைப் பிடித்து இழுத்தார்.

கிளம்புமுன் கேமராவைக் கட்டிக்கொண்டு நானும் ஒன்று மடித்தேன். ஓரம் நேராகத்தான் வந்திருந்தது. அக்கா அதை வாங்கினார், பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார்.

"இதுல ரெண்டு இருக்குதுங்க சார்."

உள்ளேயிருந்த துண்டை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, என் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார்.