கதவு பூட்டாத ஊர்

நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே ஸ்வால்பார்டு என்று ஒரு தீவுக் கூட்டம். அதில் நி-ஓலெசுன்ட் என்கிற குட்டி ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஊரில் எல்லோரும் உத்தமர்கள் என்பதால் அல்ல. திடீரென்று பனிக்கரடி எதிரே வந்து நின்றால், கிடைத்த கதவுக்குள் ஓடிப் புகுந்துகொள்ளலாம். அதற்குத்தான்!

முன்பு அது நிலக்கரி ஊர். 1962-ல் சுரங்கம் வெடித்து 21 பேர் செத்துப்போனார்கள். அந்த விவகாரத்தில் மறுவருஷம் நார்வேயில் ஆட்சியே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடினார்கள். விஞ்ஞானிகள் வந்தார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், சீனா, கொரியா என்று பல நாட்டுக்காரர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். நம்முடைய 'ஹிமாத்ரி' நிலையமும் 2008 முதல் அங்கே இருக்கிறது.

எப்படிச் சண்டையில்லாமல் ஓடுகிறது? 1920-ல் பாரீஸில் போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு அது பார்ட்னர்ஷிப் பத்திரம் போலத்தான் தெரிகிறது. தீவு நார்வேக்குச் சொந்தம். ஆனால் கையெழுத்துப் போட்ட எல்லா நாட்டு மக்களுக்கும் மீன் பிடிக்க, வேட்டையாட, சுரங்கம் தோண்ட சம உரிமை. பிரிட்டிஷ் குடையின் கீழ் இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

எல்லோருக்கும் உரிமை என்றால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு கை அள்ளி, தீவைத் துடைத்து வைத்திருப்பார்கள். காப்பாற்றியது ஒரு ஷரத்து. விலங்குகளையும் செடிகொடிகளையும் பாதுகாக்க நார்வே சட்டம் போடலாம். ஆனால் அது வெளிநாட்டானுக்கு எப்படியோ, நார்வேக்காரனுக்கும் அப்படியே. இன்னொன்றும் உண்டு. அங்கே வசூலாகும் வரியை அங்கேதான் செலவழிக்க வேண்டும். ஆஸ்லோ கஜானாவுக்குக் கொண்டுபோக முடியாது!

1925-ல் ரெயின்டீர் மான், 1952-ல் வால்ரஸ், 1973-ல் பனிக்கரடி என்று ஒவ்வொன்றாக வேட்டையிலிருந்து தப்பின. சில நூறாகச் சுருங்கிப்போயிருந்த வால்ரஸ்கள் இன்று பல ஆயிரம்.

2025 ஜனவரியிலிருந்து புது விதி வந்திருக்கிறது. கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடியைப் பார்க்கவென்றே கப்பலேறி வருகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அது கரடியின் வீடு.

ஆனால், இந்தப் பத்திரத்துக்கு அடங்காத ஒரு ஆள் இருக்கிறது. வெப்பம். உலகத்திலேயே மிக வேகமாகச் சூடாகும் இடங்களில் ஸ்வால்பார்டு ஒன்று. கரடி சீலைப் பிடிப்பது கடல் பனிக்கட்டி மேல் நின்றுதான். அந்தத் தரையே கரைகிறது. கரியும் பெட்ரோலும் எரிக்கும் நாடுகள் எல்லாவற்றுக்கும், நம்மையும் சேர்த்து, அதில் பங்கு இருக்கிறது.

2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் நம் விஞ்ஞானிகள் ஹிமாத்ரிக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த இருட்டிலும் குளிரிலும் என்ன வேலை என்கிறீர்களா? அங்கே உருகும் பனிக்கும் இங்கே பெய்யும் பருவமழைக்கும் என்ன சம்பந்தம் என்று தேடுவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. 1920-ல் நிலக்கரிக்கும் மீனுக்கும் எழுதிய பத்திரம். இப்போது அதே தீவில் நம் மழையின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.