பழைய பசை

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதும் ஒரு வித்தையா என்று கேட்பவர்கள் ஒருமுறை தாமே முயன்று பார்க்கலாம். அடியேன் முயன்றேன். அதுவும் பிறர் சைக்கிளில்.

காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் எங்கள் விடுதியில் மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் மிதித்துக் கோதௌலியாவுக்குப் போய் ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அந்தப் பணத்தில்தான் அவருடைய சாப்பாட்டுச் செலவு நடக்கிறது. ஒரு ஞாயிறு பகலில் அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது பின் சக்கரம் 'புஸ்' என்றது.

லங்கா வாசலில் பஞ்சர் கடை இருக்கிறது. (நம்மவர் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்ததில்லை.) ஆனால் நான் ரசாயன மாணவன் அல்லவா? ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் குட்இயர் கண்டதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன். இதற்குப் போய் ஒருவரிடம் காசு கொடுப்பதா?

கரண்டிக் காம்பால் டயரை நெம்பி, டியூபை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். குமிழி ஒரு பழைய ஒட்டின் ஓரத்திலிருந்து வந்தது. ஒட்டைப் பிய்த்தேன், ஒட்டு வந்தது, பசை வரவில்லை. கறுப்பாய், பிசுபிசுவென்று, மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி நகர மறுத்தது. பிளேடால் சுரண்டினேன். பிறகு சங்கிலி துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். பசை கரைந்தது, கூடவே டியூபும் அந்த இடத்தில் உப்பிக் கொழகொழத்தது. அவசரமாகச் சொல்யூஷன் தடவி, ஈரத்தோடேயே ஒட்டை வைத்து அழுத்தினேன். எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம்போல் அது நழுவி நீந்தியது.

ஐந்தரைக்கு அண்ணன் வந்தார். பார்த்தார். "பரவாயில்லடா தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுநாள் பையனுக்குப் பரீட்சை. தாமதமாகப் போனதற்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்களாம். அவர் சொல்லவில்லை; அறைத்தோழர் சொன்னார்.

மறுநாள் காலை பஞ்சர் கடைப் பெரியவர் டியூபை முகர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் ஏறிய ரப்பரில் இனி எதுவும் ஒட்டாதாம்; புது டியூப்தான். வேறொருவர் டியூபில் அவர் பழைய பசை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணியில் துளி பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். அது ஆவியாகிப் போகும்வரை சும்மா இருந்தார். பிறகு கட்டைவிரலால் உருட்டினார். விரலில் காய்ந்த மாவு திரண்டு வருவதுபோல் பசை உருண்டையாக வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, டியூபை ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்! கரைப்பான் பறந்து, தொட்டால் விரலில் வராத பதத்தில்தான் ஒட்டை வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவியாதல் பற்றியும் நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்தவர் என் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். கருவேல முள் ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அதைத் தேடவே தோன்றவில்லை. என் ஒட்டு பிடித்திருந்தாலும் அண்ணன் பாதி வழியில் இறங்கித்தான் நடந்திருப்பார்.

மாலையில் சைக்கிளை நிறுத்தினேன். அண்ணன் டயரை அழுத்திப் பார்த்தார்.

"நீ போட்டதா, அவர் போட்டதா?"

"அவர்தான் அண்ணே."

"அப்பச் சரி" என்று ஏறிப் போனார்.