பாதத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ராணுவ ஆளெடுப்புக்குப் போய், தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலரை இந்த அந்தமான் தீவுகளில் பார்த்திருக்கிறேன். ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து, உள்பக்கம் சிறிதும் இடைவெளி விடாமல் பதிந்த தடத்தைக் காட்டி, "இந்தக் காலை வெச்சு இனி என்ன பண்றது தாத்தா?" என்பார்கள். நுனிக்காலில் எக்கி நிற்கச் சொல்வேன். பெரும்பாலோருக்கு வளைவு மேலெழும். அது வளைந்து கொடுக்கிற பாதம். வலிக்காதவரை அதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை, மக்களே. ஆளெடுப்பு விதி வேறு, உடம்பின் விதி வேறு.

1992இல் நம் நாட்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்தார்கள். செருப்பு அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். பாதத்தின் வடிவம் முழுக்கப் பிறப்போடு வருவதல்ல என்பதற்கு இது போதும்.

வளைவை மட்டும் தனியே பார்ப்பது பிழை. கெண்டைக்கால் சதைகள் திரண்டு, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணாகி, குதிகால் எலும்பில் பிடிக்கின்றன. அதே எலும்பின் அடியிலிருந்து விரல்வரை ஓடும் உறுதியான சவ்வுதான் வளைவைத் தாங்குகிறது. மேலே சதை குறுகி இறுகினால் கணுக்கால் முன்னால் மடங்காது. நடந்துதானே ஆக வேண்டும்? அப்போது நடுப்பாதம் விட்டுக்கொடுக்கும்; வளைவு சரியும். வளைவு மிக உயர்ந்தவனுக்கு வேறு தொல்லை. அவன் பாதம் அமுங்காது, அடி அத்தனையும் காலுக்கு மேலே போய்ச் சேரும்.

இளைஞர் சிலரோடு திக்லிப்பூர் பக்கம் சேடில் பீக் ஏறினேன். 732 மீட்டர், இந்தத் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். அழகாக வளைந்த பாதக்காரன் பாதி வழியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தட்டைப் பாதக்காரன் அவன் பையையும் சேர்த்துச் சுமந்தான். ஒரு மலையை வைத்து விதி சொல்ல முடியாது. ஆனாலும் தடத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

நரம்பின் விறைப்பைப் பகையாக எண்ணாதீர்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகால் நரம்பு இழுபட்டுச் சக்தியைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருகிறது. பாத வளைவும் அதில் ஏறத்தாழப் பாதியளவு தருகிறது. தளர்ந்த நரம்பால் அது ஆகாது. ஆக, சதைக்கு நீளம் வேண்டும், நரம்புக்கு உறுதி வேண்டும்.

சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியை நீட்டி நில்லுங்கள். பிறகு முட்டியைச் சற்று மடக்கி நில்லுங்கள். மேல்சதைக்கு முன்னது, அடிச்சதைக்குப் பின்னது. படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி, நிதானமாக இறக்குங்கள், நரம்பு உறுதிப்படும். சதை சீக்கிரம் பதில் சொல்லும். நரம்பு மாதக்கணக்கில் காக்க வைக்கும், அவசரப்படுத்தினால் வீங்கும். ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சரிந்தாலோ, நுனிக்காலில் நின்றும் வளைவு எழாவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.