உப்புக்காத்துல ஒரு ஜீப்

தனுஷ்கோடிக்கு டூர் அடிக்காத காலேஜ் உண்டா பாஸ்? இடிஞ்ச சர்ச் முன்னாடி ஒரு குரூப் போட்டோ, அரிச்சல்முனைத் தூண் பக்கத்துல ஒரு செல்ஃபி, இந்தப் பக்கம் ஒரு கடல் அந்தப் பக்கம் ஒரு கடல்னு ஒரு வீடியோ. அதோட திரும்பிடுவோம். அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் குனிஞ்சு, ராமேஸ்வரத்துல நிக்கிற பழைய ஜீப்புகளோட பம்பரைப் பாருங்க. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். விரலால தட்டினா உதிரும். உள்ளே செம்மண் கலர்ல தூள்.

நாங்க மாசி மாசம் போனதே அப்படி ஒரு பம்பருக்காகத்தான்.

ஹாஸ்டல் ரூம்மேட்டோட சித்தப்பா ராமேஸ்வரத்துக்காரர். 2017 வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும். அதுக்கு மேல மணல், சேறு, கணுக்கால் அளவு கடல் தண்ணி. வேனும் ஜீப்பும்தான் ஆளுங்களை ஏத்திக்கிட்டுத் தள்ளாடித் தள்ளாடிப் போகும். சித்தப்பாவோட மஹிந்திரா ஜீப்பும் அதுல ஒண்ணு. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் புது ரோடு திறந்ததும் கார், பஸ் எல்லாம் நேரா முனைக்கே போக ஆரம்பிச்சிடுச்சு. டூரிஸ்ட்டுக்கு ஜாலி. ஜீப்புக்கு வேலை போச்சு. இப்போ சித்தப்பா அதுல மீன் பெட்டி, ஐஸ், வலைன்னு ஏத்துறார்.

எஃப்.சி. தேதி நெருங்கிடுச்சு. பம்பரும் ரெண்டு பக்க சைடு பாரும் துருப்பிடிச்சு ஓட்டை விழுற நிலைமை. பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து வண்டியைச் சுத்திப் பார்த்துட்டுப் போயிருந்தார். "இரும்பு தேறுச்சுன்னா வண்டியை வெச்சிக்கிறேன். தேறலைன்னா எடைக்குப் போடறேன். நீங்கதான் மெக்கானிக்கல் படிக்கிறீங்களே, வந்து பாருங்கடா"ன்னு போன்ல சொல்லிட்டார்.

மண்டபம் தாண்டி ரயில் பாம்பன் புதுப்பாலத்துல ஏறும்போதே பாடம் ஆரம்பிச்சிடுது. 1914-ல திறந்த பழைய பாலத்தை நூறு வருஷத்துக்கும் மேல பெயின்ட் அடிச்சு அடிச்சுத்தான் காப்பாத்தினாங்க. 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னுடுச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப்பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன்னு ஒரு ஸ்பெஷல் பெயின்ட். ரயில்வேக்கே இந்தப் பாடுன்னா ஒரு ஜீப் எம்மாத்திரம்! காரைக்குடி சிக்ரி விஞ்ஞானிகள் இரும்பு எவ்வளவு வேகமா அரிக்குதுன்னு அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

விஷயம் இதுதான். சமையல் உப்புகூடக் காத்துல ஈரப்பதம் 75 சதவிகிதம் தாண்டினா தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அதுக்கு அவ்வளவு ஈரம்கூட வேணாம். ஆக, ஒரு சொட்டு மழை பெய்யாத நாள்லயும் அந்த பம்பர் நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. மேல எத்தனை கோட்டிங் அடிச்சாலும் அடியில உப்பு மாட்டியிருந்தா துரு திரும்ப வரும்.

இது சித்தப்பாவுக்கு அனுபவத்துல தெரியும். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெயின்டர் துருவுக்கு மேலேயே பட்டி பார்த்து, கறுப்பு அடிச்சுக் கொடுத்தான். பளபளன்னு இருந்துச்சு. ஆறே மாசம், தோலு உரிஞ்சிடுச்சு." பட்டி தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். கல்லும் மணலும் அடிக்கிற பம்பர்ல அதுக்கு வேலையே இல்லை.

முதல் நாள் முழுக்கக் கழட்டுறதுதான் வேலை. போல்ட்டுகள் பம்பரோட கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தன. முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஊற வெச்சும் நாலு போல்ட்டைக் கிரைண்டர் வெச்சு அறுக்க வேண்டியதாச்சு. பம்பருக்கு முன்னாடி யாரோ எப்பவோ மாட்டின கிராஷ் கார்டையும் கழட்டிட்டோம். அதைத் திரும்ப மாட்டலை. வெளியில வாங்கி மாட்டுற கிராஷ் கார்டு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கன்னு 2017 டிசம்பர்ல மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் எழுதியாச்சு. மோதினா அடி நேரா சேஸ்ல இறங்கும், நடந்து போறவங்களுக்கும் ஆபத்து, ஏர்பேக் வண்டின்னா சென்சாரும் குழம்பும். வீட்டுல அப்பா கார்ல இருந்தா இன்னிக்கே கழட்டச் சொல்லுங்க. பழைய இரும்புக்காரருக்கும் வந்ததுக்கு ஏதோ கிடைச்சது!

அப்புறம் சித்தப்பா ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். பம்பரை அங்கங்கே தட்டினார். 'டங்'னு கேட்டா நல்ல இரும்பு. 'தொப்'னு கேட்டா உள்ளே ஒண்ணுமில்லை. பம்பர் முழுக்க டங். எங்க எல்லாருக்கும் மூச்சு வந்தது. சைடு பார்தான் வில்லன். உள்ளே குழலான பைப், ரெண்டு முனையையும் அரைகுறையா மூடி வெல்டிங் பண்ணியிருந்தாங்க. உள்ளே போன உப்புத் தண்ணி வெளியே வர வழியில்லாம உள்ளிருந்தே தின்னிருக்கு. இடதுபக்கத்துல ஒரு முழ நீளம் 'தொப்'. அதை அறுத்துட்டுப் பட்டறையில புதுப் பைப் வெச்சு ஒட்டினோம். முனைகளை ஒழுங்கா மூடிட்டு, அடிப்பக்கம் நாலு சின்ன ஓட்டை. தண்ணி போனாலும் வடிஞ்சிடணும்.

அதுக்கப்புறம் கழுவல். தெரு போர் தண்ணியே உப்புங்கிறதால, குடிக்கிற கேன் தண்ணியைத்தான் ஊத்திக் கழுவினோம். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில உட்கார்ந்து, "குடிக்கிற தண்ணியில இரும்பைக் குளிப்பாட்டுற கூத்தை இங்கதான் பாக்கேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. கம்பி பிரஷ், கழுவல். கிரைண்டர்ல கப் பிரஷ், திரும்பவும் கழுவல். துருக்குழியில ஒளிஞ்சிருக்கிற உப்பு ஒரே கழுவல்ல போகாது. கடைசியா 80-ம் நம்பர் உப்புத்தாள். (உப்பை எடுக்கிறதுக்கு உப்புத்தாளான்னு யாரோ கடிச்சாங்க. மன்னிச்சிட்டோம்.) கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம கிரைண்டரைத் தொடாதீங்க மக்களே, தெறிக்கிற கம்பி நேரா கண்ணைத்தான் தேடும்.

எவ்வளவு தேய்ச்சாலும் குழிக்குள்ள கொஞ்சம் துரு நிக்கும். அதுக்கு 'ரஸ்ட் கன்வெர்ட்டர்'னு ஒரு திரவம். டானிக் அமிலம் இருக்கிற வகை துருவோட சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்ம தாத்தாக்கள் மை காய்ச்சினாங்களே, அதே வேதியியல்! ஆனா இது மிச்சத் துருவுக்குத்தான். செதில் செதிலா நிக்கிற துரு மேல ஊத்தினா காசுதான் வேஸ்ட்.

ப்ரைமர்ல ஒரு பட்டிமன்றமே நடந்தது. ரூம்மேட் ஜிங்க் ப்ரைமர்னு பிடிவாதம். அந்தத் துத்தநாகம் இரும்புக்காகத் தன்னை அரிக்கக் கொடுக்கும், ஆனா அதுக்கு வெறும் இரும்பை நேரடியாத் தொடணும். மணல் பீய்ச்சிச் சுத்தம் பண்ணின பாலத்துக்குச் சரி, கையால தேய்ச்ச நம்ம பம்பருக்குச் சரிவராது. சித்தப்பா விலை மலிவுன்னு ரெட் ஆக்சைடு கேட்டார். வீட்டு கேட்டுக்கு ஓகே, கடலோர வண்டிக்குப் பத்தாது. கடைசியில ரெண்டு டப்பா கலக்குற எபாக்ஸி ஜெயிச்சது. பவுடர் கோட்டிங் பார்க்க சூப்பர்தான். ஆனா 180 டிகிரிக்கு மேல அவன்ல வேக வைக்கணும், ஒரு கல் பட்டு விரிசல் விட்டா அடியில துரு ஊரும், வீட்டுல ஒட்டுப்போடவும் முடியாது.

காலையில அடிச்சா இரும்பு மேல பனி ஈரம், உச்சி வெயில்ல அடிச்சா கொப்புளம். பத்து மணிக்கு ஆரம்பிச்சோம். முதல்ல வெல்டிங் தையல், விளிம்பு, ஓட்டை ஓரம் எல்லாத்துக்கும் பிரஷ்ல ஒரு கை. கூரான விளிம்புல பெயின்ட் நிக்காம விலகிடும், அதனால முன்னாடியே அரத்தால மழுக்கி வெச்சிருந்தோம். அப்புறம்தான் ஸ்ப்ரே. தேய்ச்ச அன்னிக்கே ப்ரைமர் ஏறிடணும். அந்த ஊர்ல ராத்திரி சும்மா விட்டா விடியறப்போ இரும்பு மஞ்சள் பூசியிருக்கும்.

மறுநாள் மினுமினுப்பு இல்லாத கறுப்பு ரெண்டு கோட்டிங். ரெண்டு நாள் காயவிட்டு, சைடு பாருக்குள்ள மெழுகு ஸ்ப்ரே. கால்வனைஸ் போல்ட்டுல கிரீஸ் தடவி மாட்டியாச்சு. மாட்டி முடிச்சதும் சித்தப்பா எதுவும் பேசலை. வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "ஆச்சி, பாத்தீகளா?"ன்னு ஹார்ன் அடிச்சார்.

எஃப்.சி. கிடைச்சிடுச்சு. இப்போ வாரம் ஒரு தடவை அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிக்கிறாராம். மூணாவது வாரம் போட்டோ ஒண்ணு வந்தது. பம்பர் கீழ் விளிம்புல கல் பட்டு மிளகு சைஸுக்கு ஒரு சில்லு. எபாக்ஸியில மிச்சமிருந்த ரெண்டு டப்பாவுல இருந்தும் அளவு பார்த்து ஒரு ஸ்பூன் கலக்கி, தீக்குச்சி முனையால தொட்டு வெச்சிட்டார். தொடறதுக்கு முன்னாடி கேன் தண்ணியில கழுவினீங்களான்னு கேட்டோம். "ஆச்சியே கொண்டாந்து ஊத்துச்சுடா"ன்னார்.